பழி முடிந்த இடத்தில் எழும் கைதட்டல்: கேம் ஆஃப் த்ரோன்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரையும் அதன் முன்கதையான ஹவுஸ் ஆஃப் த டிராகன் தொடரையும் விரும்பிப் பார்த்து, அவற்றைப் பற்றித் தமிழில் பேசியும் எழுதியும் வரும் ரசிக நண்பர்களுக்கு வணக்கம்.

ஆலி என்ற சிறுவனிடமிருந்து தொடங்குகிறேன். நம்மில் பலர் மறந்துவிட விரும்பும் பாத்திரம் அது. 2014இல் வெளிவந்த நான்காவது சீசனில், பெருஞ்சுவருக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூருக்குள், சுவருக்கு வடக்கே வாழும் வைல்ட்லிங் மக்களின் கூட்டமொன்று புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறது. அந்தச் சிறுவனின் தந்தை அவன் கண்ணெதிரே அம்பு பாய்ந்து விழுகிறார்; எய்தவள் ஜான் ஸ்னோவின் காதலியான இக்ரிட் என்ற வைல்ட்லிங் பெண். மனித இறைச்சி உண்ணும் கூட்டத்தின் தலைவன் ஒருவன் ஆலியைப் பிடித்து நிறுத்தி, அவனுடைய தாய் தந்தையைத் தான் தின்னப்போவதாகவும் அதைச் சுவரைக் காக்கும் நைட்ஸ் வாட்ச் படையின் காஸில் பிளாக் கோட்டையில் போய்ச் சொல்லும்படியும் கூறித் துரத்திவிடுகிறான். அதே சீசனின் கோட்டைப் போரில் ஆலி எய்த அம்பு இக்ரிட்டின் உயிரைக் குடிக்கிறது. மறு ஆண்டு, வைல்ட்லிங் மக்களைச் சாவிலிருந்து காப்பாற்றுவதற்காகச் சுவரின் வாயிலைத் திறந்துவிட்ட படைத்தலைவன் ஜான் ஸ்னோவை அவனுடைய படையினரே சூழ்ந்து குத்தும்போது, கடைசிக் கத்தி ஆலியின் கையிலிருந்து இறங்குகிறது. 2016 மே 8 அன்று வெளியான எபிசோடில், உயிர்த்தெழுந்த ஜான் அவனையும் மற்ற மூவரையும் தூக்கிலிடுகிறான்.

அந்தத் தூக்கை உலகெங்கும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். இக்ரிட் இறந்த நாளிலிருந்தே அவன் பெயரோடு ஒரு வசைச்சொல்லைச் சேர்த்தே எழுதிப் பழகியிருந்தவர்களுக்கு, கயிற்றில் தொங்கி முகம் கறுத்த ஒரு சிறுவனின் உருவம் கேலிப்படமாகப் பயன்பட்டது. அந்தக் காட்சியை எடுத்தவர்கள் அதைக் கொண்டாட்டமாக எடுக்கவில்லை. ஜானின் முகத்தில் வெற்றியின் சாயல் சிறிதும் இல்லை. கயிற்றை வெட்ட வாளை ஓங்கியவன் ஆலியைப் பார்த்துத் தயங்குகிறான், வெட்டி முடித்ததும் தன் கறுப்புப் போர்வையைக் கழற்றி நண்பனிடம் கொடுத்துவிட்டுத் தன் காவல் முடிந்தது என்று சொல்லி வெளியேறுகிறான். குத்துப்பட்டுச் செத்தவனுக்கே அருவருப்பாக இருந்த ஒரு தண்டனை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இனிப்பாக இருந்தது.

இப்போது ஆர்யா ஸ்டார்க்கை ஆலியின் அருகில் நிறுத்திப் பாருங்கள். அவளும் சிறுமி, அவளுடைய தந்தை நெட் ஸ்டார்க்கும் பொதுமக்கள் கூடிய சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டவர். தூக்கம் வராமல் தவிக்கும் அவளிடம், தன் அண்ணனைக் கொன்றவனின் பெயரை இரவுதோறும் பிரார்த்தனைபோல் சொல்லிச் சொல்லி ஒருநாள் அவன் தலையில் கோடரியை இறக்கிய கதையை யோரன் என்ற நைட்ஸ் வாட்ச் வீரன் இரண்டாவது சீசனில் சொல்கிறான். அங்கிருந்துதான் அவளுடைய பெயர்ப்பட்டியல் பிறக்கிறது. பெற்றோரைக் கொன்றவர்களைக் கொல்லத் துடிக்கும் சிறுவன் துரோகி, அதே துடிப்புள்ள சிறுமி வீராங்கனை என்று நாம் தீர்ப்பெழுதியதற்குக் காரணம் என்ன என்பதை நாம் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை என்றே எண்ணுகிறேன்.

ஆலி குற்றமற்றவனைக் குத்தினான், ஆர்யா குற்றவாளிகளையே கொன்றாள் என்று நீங்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஜான் அந்தச் சிற்றூரில் ஒருவரையும் கொல்லவில்லை. ஆனால் ஏழாவது சீசனின் தொடக்கத்தில், 2017 ஜூலை 16 அன்று நாம் பார்த்த விருந்தை நினைவுகூருங்கள். தன் அண்ணன் ராபையும் தாய் கேட்லினையும் ஒரு திருமண விருந்தில் கொல்வித்த வால்டர் ஃப்ரேயின் முகத்தை அணிந்துகொண்டு, அந்த வீட்டின் முக்கியமான ஆண்கள் அனைவரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, நஞ்சு கலந்த மதுவை ஆர்யா பரிமாறுகிறாள். ஒரு மண்டபம் நிறைய ஆண்கள் வாயிலும் மூக்கிலும் குருதி கக்கிச் சாகிறார்கள். அவர்களில் யார் யார் அந்தத் திருமண இரவில் கத்தியெடுத்தவர்கள், யார் அப்போது ஊரிலேயே இல்லாதவர்கள், யார் எதிர்க்கத் துணிவின்றி ஒதுங்கி நின்றவர்கள் என்பதைத் தொடர் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஒரே குலப்பெயர் போதும் என்று ஏற்றுக்கொண்டோம். ஆலியும் வைல்ட்லிங் என்ற ஒரே பெயரைத்தான் போதும் என்று ஏற்றுக்கொண்டான்.

வேறுபாடு கேமரா நின்ற இடத்தில் இருக்கிறது. ஆர்யாவோடு நாம் தெருத்தெருவாகப் பசியோடு அலைந்திருக்கிறோம், அவளோடு நெட் ஸ்டார்க்கின் சாவைப் பார்த்திருக்கிறோம். ராப், கேட்லின் ஆகியோரின் சாவை வாசலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறோம். 2013 ஜூன் 2 அன்று அந்தச் சிவப்புத் திருமணம் ஒளிபரப்பானபோது, முன்பே நாவலைப் படித்திருந்தவர்கள் தம் நண்பர்கள் அலறுவதையும் அழுவதையும் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். அந்த அலறல் மெய்யான துயரம். கற்பனை மனிதர்களுக்காக அவ்வளவு துயரப்பட முடிகிற மனங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தத் துயரத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அவை ஏங்கியதையும் குறை சொல்லமாட்டேன். என் கவலையெல்லாம் அந்த ஏக்கம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியது.

இந்த இடத்தில் ஆறாவது சீசனின் ஒரு காட்சியைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ரசிகர்களாகிய நம்மைப் பற்றி அந்தத் தொடர் சொன்ன மிகக் கூர்மையான சொல் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் அதைக் குறித்து மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ப்ராவோஸ் நகரத்தில் ஒரு நாடகக்குழு, ஆர்யாவின் சொந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததையெல்லாம் கொச்சையான மேடைநாடகமாக நடத்துகிறது. அவளுடைய தந்தை அதில் மூடனாகவும் பேராசைக்காரராகவும் காட்டப்படுகிறார், கூட்டம் சிரிக்கிறது. அவள் தலை குனிகிறாள். பிறகு, அவளுடைய தந்தையின் தலையை வெட்ட ஆணையிட்ட அரசன் ஜோஃப்ரி நஞ்சுண்டு சாகும் காட்சி வருகிறது. கூட்டம் கலங்கி நிற்கையில் அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு மலர்கிறது. உடனே லேடி கிரேன் என்ற நடிகை, ஜோஃப்ரியின் தாய் செர்சியின் வேடத்தில், மகனின் உடலை மடியில் கிடத்திப் புலம்பத் தொடங்குகிறாள். ஆர்யாவின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. பட்டியலில் செர்சியின் பெயரை வைத்திருப்பவள், அந்தத் தாயின் அழுகையை வேறொருத்தி நடித்துக் காட்டும்போது தன்னையறியாமல் கலங்குகிறாள். பின்னர் லேடி கிரேனிடம் பேசும்போது, வெறுமனே அழுதுகொண்டிருக்க மாட்டாள் செர்சி, சினம் கொள்வாள், மகனைக் கொன்றவரைக் கொல்ல விரும்புவாள் என்கிறாள். பகைவியின் நெஞ்சில் எரியும் நெருப்பும் தன் நெஞ்சில் எரியும் நெருப்பும் ஒன்றே என்பதை அவள் உணரும் இடம் அது. யாரைக் கொல்ல அனுப்பப்பட்டாளோ அந்த நடிகையையே அவளால் கொல்ல முடியாமல் போகிறது.

அந்த நாடகக் கொட்டகையில் ஆர்யா அமர்ந்திருந்த இடம் நம்முடைய இடம். ஜோஃப்ரியின் சாவு 2014 ஏப்ரல் 13 அன்று ஒளிபரப்பானபோது நாமும் சிரித்தோம். அவளுக்கு நேர்ந்த அடுத்த மாற்றம்தான் நம்மில் பலருக்கு நேரவில்லை. மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த நாட்களில் அளித்த பேட்டியில், ஜோஃப்ரி எவ்வளவு கொடியவனாக இருந்தாலும் மூச்சுக்குத் திணறும் அந்தக் கணத்தில் அச்சத்தோடு சுற்றியிருப்பவர்களைப் பார்த்துக் கெஞ்சும் பதின்மூன்று வயதுப் பையன் என்பதைத் தாம் காட்ட முயன்றதாகக் கூறினார். திரையில் ஜாக் க்ளீசனின் கண்களிலும் அந்த அச்சம் இருக்கிறது. மீண்டும் பார்க்கும்போது அந்தக் கண்களைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்யாவின் அக்கா சான்சாவைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருத்தம் மிகுகிறது. முதல் சீசன்களில் இளவரசனை மணக்கக் கனவு கண்ட பதின்மூன்று வயதுப் பெண்ணை நாம் எவ்வளவு வெறுத்தோம்! அழகிய ஆடைகளையும் பாடல்களையும் எலுமிச்சை கேக்கையும் விரும்பியதைத் தவிர அவள் செய்த பெரிய குற்றம் எதையும் என்னால் நினைவுகூர முடியவில்லை. அவளது பொய்யும் பேதைமையும் அந்த வயதுக்கு உரியவை. அடிபட்டும் அவமானப்பட்டும் நாகரிகமான சொற்களின் பின்னால் ஒளிந்துகொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்ட அவளுடைய அறிவை அந்நாளில் பாராட்டியவர்கள் சிலரே. 2015 மே 17 அன்று, அவளை மணந்த கொடியவன் ராம்சே போல்டன் அவளை வன்புணர்ந்த காட்சி வெளியானபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்க செனட்டர் ஒருவரே தொடரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டதாகப் பொதுவில் அறிவித்தார். ஆனால் 2016 ஜூன் 19 அன்று, அவனுடைய நாய்களை அவன்மேலேயே ஏவிவிட்டு, அவன் அலறலைச் சற்று நேரம் பார்த்து நின்று, திரும்பி நடக்கையில் உதட்டோரம் சிறு புன்னகை அரும்ப அவள் வெளியேறியபோது, அதே ரசிகர்கள் அவள் இப்போதுதான் வலிமை பெற்றாள், இப்போதுதான் முழுமையான பாத்திரமானாள் என்று எழுதினார்கள். சிகாகோவின் பர்லிங்டன் பார் போன்ற இடங்களில் கூடிப் பார்த்தவர்களின் ஆரவாரம் பதிவாகியிருக்கிறது. விளையாட்டுப் போட்டியில் வெற்றி கிட்டியதுபோல் துள்ளுகிறார்கள்.

ராம்சே இரக்கத்துக்கு உரியவன் என்று வாதிட நான் வரவில்லை. அவன் சாக வேண்டியவன் என்ற தீர்ப்பை அந்தக் கதையுலகின் எந்த நீதிமன்றமும் வழங்கியிருக்கும். எனினும் அதே நாய்களுக்கு, அதே சீசனின் தொடக்கத்தில், வால்டா என்ற பெண்ணையும் அவள் பெற்ற பச்சிளம் குழந்தையையும் அவன் இரையாக்கியிருந்தான். அப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். முறை மாறவில்லை, ஏவியவர் மாறினார். அதைக் கண்டு ஒரு பெண்ணின் வளர்ச்சி என்று பெயர் சூட்டினோம் என்றால், வலிமையை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? எட்டாவது சீசனில், தனக்கு நேர்ந்த கொடுமைகள் இல்லையென்றால் தான் வாழ்நாள் முழுதும் சிறு பறவையாகவே இருந்திருப்பேன் என்று சான்சாவை எழுத்தாளர்கள் சொல்ல வைத்தபோது, நடிகை ஜெசிகா சாஸ்டைன் உட்படப் பலர் சினந்து எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நானும் சேர்கிறேன். ஆனால் அந்த வசனம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பாராட்டுரைகளில் நாமே எழுதி முடித்திருந்த வசனம் அது.

டிராகன்களை வளர்த்து, தன் குலத்தின் அரியணையை மீட்கப் புறப்பட்ட டெனேரிஸின் கதைக்கு வருகிறேன். 2019 மே 12 அன்று, சரணடையும் மணிகள் ஒலித்த பிறகும் தலைநகரமான கிங்ஸ் லேண்டிங்கை அவள் தெருத்தெருவாக எரித்ததும், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கூக்குரல் எழுந்தது. எட்டாவது சீசனைத் திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று கோரிய இணைய மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அவசரம் பற்றிய குறை சரியானதே: முதல் ஆறு சீசன்களும் தலா 10 எபிசோடுகள் கொண்டவை, ஏழாவதில் 7, எட்டாவதில் 6 என்று சுருங்கியபோது, நடக்க வேண்டிய தொலைவைத் தாண்டிக் குதித்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள். ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமல் இது வந்தது என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அறிகுறிகள் வந்தபோதெல்லாம் அரங்கில் கைதட்டல் ஒலித்துக்கொண்டிருந்தது.

2013இல் அஸ்டபோரில் அடிமை வணிகன் எரிந்தபோது ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். அது விடுதலை, அதில் எனக்கும் மகிழ்ச்சியே. மறு ஆண்டு மீரீன் நகரில், சிலுவையில் அறையப்பட்ட 163 அடிமைக் குழந்தைகளுக்கு ஈடாக, 163 பிரபுக்களை அவள் சிலுவையில் அறைய ஆணையிட்டாள். அநீதிக்குக் கருணையால் விடை சொல்வதே சில வேளைகளில் மேல் என்று முதிய பாரிஸ்டன் அவளிடம் எடுத்துச் சொன்னார். நீதியால் விடை சொல்வேன் என்று அவள் மறுத்தாள். அந்த மறுப்புக்கும் கைதட்டினார்கள். இரண்டு எபிசோடுகள் கழித்து ஒரு மகன் அவள் முன் வந்து நிற்கிறான். குழந்தைகளைச் சிலுவையில் அறைவதை எதிர்த்துப் பேசியவர் தன் தந்தை என்றும், அவரையும் சேர்த்தே அறைந்துவிட்டார்கள் என்றும், உடலை இறக்கி அடக்கம் செய்யவாவது இசைவு தர வேண்டும் என்றும் கேட்கிறான். எண்ணிக்கையைச் சரியாகப் பொருத்திய நீதி, ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதைத் தொடர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், நம்மிடையே அந்த மகனைப் பற்றிய பேச்சு எழவே இல்லை. அதே சீசனின் கடைசி எபிசோடில் ஓர் ஏழைத் தந்தை துணிமூட்டையொன்றைக் கொண்டுவந்து அவள் காலடியில் அவிழ்க்கிறார். உள்ளே டிராகனின் தீயில் கருகிய எலும்புகள். அவர் மகள் சாலாவுக்கு வயது மூன்று. மறு ஆண்டு, குற்றம் செய்தவர் யார் என்று அறியாமலேயே பிரபுக்களை டிராகன்களின் முன் நிறுத்தி ஒருவரை இரையாக்கினாள். 2017இல், போரில் தோற்றுச் சிறைப்பட்டு, மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் எரித்தாள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், 2018இல் அமெரிக்காவில் மட்டும் பிறந்த 500க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு அவளுடைய பட்டப்பெயரான கலீசி என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெற்றோர் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவளிடம் பேரன்பு கொள்ளத்தக்கவையும் இருந்தன. தீயைத் தனியே கழித்துவிட்டு அன்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்று அனைவருமே நம்பினோம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கடைசி எபிசோடில் சிறையிலிருந்த அவளுடைய ஆலோசகன் டிரியன், அவள் செல்லும் இடமெல்லாம் தீயவர்கள் செத்தார்கள், அதற்காக அவளைப் போற்றினோம், போற்றப் போற்றத் தன் வழியே சரியென்ற அவளுடைய நம்பிக்கை வலுத்தது என்னும் பொருள்பட ஜானிடம் பேசுகிறான். நேருக்கு நேர் நம்மிடம் பேசப்பட்ட பேச்சாகவே அதை நான் கேட்டேன். அதற்கு முந்தைய வாரம், இடிந்து விழும் கோட்டைக்குள் ஹவுண்ட் என்ற பட்டப்பெயர் கொண்ட போர்வீரன் ஆர்யாவைத் தடுத்து நிறுத்தி, வாழ்நாளெல்லாம் பழியைத் தவிர வேறெதையும் நினைக்காத தன்னைப் பார்க்கச் சொல்லி, என்னைப்போல் ஆக விரும்புகிறாயா என்று கேட்கிறான். அவள் அவனை முதன்முறையாக இயற்பெயரால் சாண்டோர் என்று அழைத்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். இரண்டாவது சீசனிலிருந்து சேர்த்த பட்டியலை அந்தப் பெண் கைவிட்ட அந்த நொடியைவிட, ஹவுண்டும் அவன் அண்ணனும் மோதிக்கொள்ளும் அடுத்த சண்டைக்குத்தான் பல ஆண்டுகளாகப் பெயரெல்லாம் வைத்துக் காத்திருந்தார்கள் ரசிகர்கள்.

குறையை முழுவதும் பார்வையாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. தொடரை எடுத்தவர்கள் பழியைப் பல இடங்களில் மூலக்கதையைவிட இனிப்பாக்கினார்கள். இளவரசன் ஓபரினின் துணைவி எல்லாரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வெளியான ஐந்தாவது நாவலில், ஓபரினின் சாவுக்குப் பழிவாங்கத் துடிக்கும் அவனுடைய மகள்களின் நடுவில் நின்று, அக்கா எலியாவுக்காக அவன் பழி கேட்டான், அவனுக்காக நீங்கள் கேட்கிறீர்கள், உங்களுக்காக நாளை என் பெண்களும் கேட்பார்களா, இதற்கு முடிவு எங்கே என்ற பொருளில் மன்றாடுபவள் அவள்தான். தொலைக்காட்சியில் அதே பெண், எந்தப் பாவமும் அறியாத, செர்சியின் மகளான மிர்செல்லா என்ற சிறுமிக்கு முத்தத்தில் நஞ்சு வைப்பவளாக மாற்றப்பட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து செர்சி அவளைச் சங்கிலியில் கட்டி, அவள் மகளுக்கு அதே முத்தத்தைக் கொடுத்து, மகள் அழுகுவதைத் தாய் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதித்தபோது, நாவலின் எல்லாரியா கேட்ட கேள்வி திரையில் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அதைப்போலவே கேட்லின் ஸ்டார்க். மூன்றாவது நாவலின் இறுதியில் அவள் அறுபட்ட கழுத்தோடு மீண்டும் எழுந்து, பேச முடியாத, மன்னிக்கத் தெரியாத, தூக்குக்கயிறு ஒன்றையே மொழியாகக் கொண்ட உருவமாக அலைகிறாள். தன் மகள்களைத் தேடிச் சென்ற வீராங்கனை பிரியேனையே பின்னர் தூக்கிலிட ஆணையிடுகிறாள். நாம் உயிராய் நேசித்த ஒரு தாயை, பழி என்ற உணர்வு மட்டுமே மிச்சமாகி நடமாடும் பிணமாகக் காட்டுவதைவிடத் தெளிவாக அந்த உணர்வைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? அவளைத் தொடரில் சேர்க்கவே இல்லை. ஃப்ரேக்களைப் பழிவாங்கும் வேலை, புன்னகைக்கும் இளம்பெண்ணான ஆர்யாவிடம் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் நமக்கு அது அவ்வளவு எளிதில் இனித்தது.

கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கதையில் பழி தீர்வதைக் கண்டு நெஞ்சு குளிர்வது மனித இயல்பு. வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் நிறைவாக நடக்கும் படுகளத்தைக் கண்டவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணால் செய்து கிடத்திய மாபெரும் துரியோதனனின் தொடை பிளக்கப்பட, விரித்த கூந்தலைத் திரௌபதி முடிக்கும்போது ஊரே ஆர்ப்பரிக்கும். ஆனால் பல ஊர்களில் அதே களத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் வைக்கிறார்கள். யாருடைய சபதம் நிறைவேற வேண்டுமென்று பல நாள் இரவெல்லாம் கண்விழித்துக் கூத்துப் பார்த்தார்களோ, அது நிறைவேறியதும், விழுந்தவனின் வீட்டுப் பெண்கள் அழுவதற்கும் அந்தக் களத்தில் இடம் விடுகிறார்கள். நம் ரசனைக்குள் முன்பே இருக்கிற இந்தப் பழக்கத்தை, வெஸ்டரோஸின் கதையைப் பார்க்கும்போது மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும் என்பதே என் கேள்வி.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் ஹவுஸ் ஆஃப் த டிராகன். இரண்டாவது சீசனுக்காக 2024 மார்ச்சில் எச்.பி.ஓ. நிறுவனம் ஒரே நாளில், அரியணைக்காக மோதும் இரண்டு அணிகளின் பெயரில் கறுப்பு, பச்சை என்று இரண்டு முன்னோட்டங்களை வெளியிட்டு, பார்வையாளர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அழைத்தது. நாமும் தேர்ந்தெடுத்தோம். கறுப்பு அணியின் சிறுவன் லூசெரிஸ் வானில் கொல்லப்பட்டதற்கு ஈடாக, பச்சை அணியின் குழந்தை ஜெய்ஹேரிஸ் தூக்கத்தில் தலை அறுக்கப்பட்டபோது, ஒரு பக்கத்தார் அதைச் சரியான கணக்கு என்றார்கள். வேறு சிலர், நாவலில் உள்ள அளவுக்குக் கொடுமை திரையில் இல்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். நாவலில் தாய்க்கு நேரும் கொடுமை இன்னும் பெரிது என்பது உண்மை, அதைச் சுருக்கியது கதைக்கு இழப்பா என்று விவாதிப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்த விவாதத்தில் குழந்தையைப் பற்றிய ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. தொடரைப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, சினம் கொள்ளவோ ஆர்ப்பரிக்கவோ கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு பெண் பாத்திரம் இரக்கமின்றிக் கொல்லும் அன்றைக்குத்தான் அவள் வலிமை பெற்றாள் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். சான்சா அதற்கு முன்பும் வலியவளே. ஆலியாக நடித்தவர் அப்போது பதின்வயதினர். வெறுப்புக்குரிய பாத்திரத்தை நன்றாக நடித்ததற்காக எவரையும் அந்தப் பாத்திரத்தின் பெயரால் வசைபாடாதீர்கள். யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு, பக்கத்தைச் சொல்வதற்கு முன் அந்தப் பக்கம் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எபிசோடு தோறும் அலசி எழுதுகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஜெய்ஹேரிஸைக் கொன்ற இருவரில் ஒருவன் அரண்மனையில் எலி பிடிப்பவன் என்று தெரிந்ததும், அவன் யார் என்று அறிய முடியாத, குழந்தையின் தந்தையான அரசன் ஏகான், நகரத்தின் எலி பிடிப்பவர்கள் அனைவரையும் தூக்கிலிட்டுக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அவர்களுடைய வீட்டார் கீழே நின்று அழுதார்கள். கறுப்பிலும் பச்சையிலும் சேராத மனிதர்கள் அவர்கள். அந்த வாரத்துப் பேச்சு பெரும்பாலும் இரட்டைச் சகோதரர்களான காவலர்கள் தமக்குள் மோதி இருவருமே மடிந்த வாள்சண்டையைப் பற்றியே இருந்தது. அடுத்த சீசனில் எந்த அணி பழி தீர்த்தாலும், அந்த வாரத்து அலசலில் சுவரில் தொங்கியவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்களைப்போல் இந்தத் தொடர்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்